பெட்டகத்துப் பலகையும் பாடும் பலகையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் இன்று நான் மரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தமிழாசிரியனுக்குத் தச்சுப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நுகேகொடையில், ஒரு சிறிய ஒழுங்கையின் கோடியில், கையால் கிற்றார் செய்யும் ஒருவரின் பட்டறையில் நான் கழித்த சில மாலைப் பொழுதுகள், வகுப்பறையில் பல ஆண்டுகளாகச் சொல்ல முயன்று சரியாகச் சொல்ல முடியாத ஒன்றை எனக்கு விளங்க வைத்தன. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கதை ஒரு பெட்டகத்தில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்குப் பெட்டகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கோண்டாவிலில் எங்கள் அம்மம்மாவின் வீட்டில் ஒன்று இருந்தது. பலா மரத்தால் செய்தது. உள்ளே காணி உறுதிகளும் கூறைச் சேலையும் வித்துக்கு வைத்த தானியமும் இருக்கும். மூடியின்மேல் பாயை விரித்து அம்மம்மா படுப்பார். வீட்டின் செல்வத்தையெல்லாம் தம் முதுகால் காவல் காத்த கிழவி அவர்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. உறுதிகளை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அம்மம்மா புறப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. 2002இல் கண்டி வீதி திறந்தபோது என் தாயார் அந்த வீட்டைப் பார்க்கப் போனார். கூரை இல்லை. பெட்டகம் இல்லை. அதன் மூடிப் பலகை மட்டும் அயல்வீட்டு மாட்டுக் கொட்டிலில் இருக்கையாகக் கிடந்தது. அவர்கள் அதைக் கழுவித் துடைத்து அம்மாவிடம் கொடுத்தார்கள். அது வெள்ளவத்தைக்கு வந்து, எங்கள் தொடர்மாடி வீட்டில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது.

என் தங்கையின் மகனுக்கு உயர்தரப் பரீட்சை முடிந்தது. சங்கீதப் பிரியன். கடையில் வாங்கிய மலிவான கிற்றார் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வாசித்து வந்தான். நல்லதொன்றைக் கையால் செய்விக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். "உது பறங்கியின்ரை வாத்தியமெல்லோ" என்று அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்களுக்கு அவரும் தம் இளமையில் தாளம் போட்டவர்தான் என்பதை நினைவூட்டிய பிறகு சிரித்துவிட்டார். பிறகு மருமகன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"மாமா, அம்மம்மான்ரை அம்மாவின்ரை பலகையிலை என்ரை கிற்றாருக்கு முன்பக்கம் செய்யலாமோ?"

நேயர்களே, அம்மாவின் கண்கள் கலங்கியதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அன்றே அவர் கட்டிலுக்குக் கீழே குனிந்து பலகையை இழுத்தெடுத்தார். முன்பக்கம் என்றதும் அவர் மனதில் ஒரு முகம் தோன்றிவிட்டது. எரிந்துபோன ஒரு வீட்டின் கடைசிப் பலகை பேரனின் கையில் பாடப் போகிறது. இதைவிட அழகான எண்ணம் வேறு என்ன இருக்க முடியும்?

பலகையை முச்சக்கர வண்டியில் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு, கிருலப்பனை ஊடாக நானும் மருமகனும் நுகேகொடைக்குப் போனோம். அந்த பாஸ் அறுபது வயதைக் கடந்த சிங்களவர். கொழும்பில் தமிழ் மேசன்மாரோடும் தச்சரோடும் வளர்ந்ததனால் எங்கள் பேச்சு அவருக்கு ஓரளவு விளங்கும். என் சிங்களமும் ஓரளவுதான். இரண்டையும் கலந்து பேசினோம். பலகையின் வரலாற்றை நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அதன் முகத்தைப் பாராமல், வெட்டுமுனையைப் பார்த்தார்.

"நல்ல கொஸ் மரம், சேர். வைரம். நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆனால் முன்னுக்கு இது வேண்டாம்" என்றார்.

மருமகனின் முகம் வாடியது. எனக்கும் சற்றுக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தையும், நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிற்றாரின் தந்தி தனியே பெரிய ஓசை எழுப்பாது. மெல்லிய கம்பி காற்றை அசைப்பது மிகக் குறைவு. தந்தியின் நடுக்கம் குதிரை வழியாக மேற்பலகைக்கு இறங்கி, அந்தப் பலகை அசைந்து, அது காற்றை அசைக்கும்போதுதான் நாம் இசையைக் கேட்கிறோம். ஆகவே மேற்பலகைதான் வாத்தியத்தின் குரல். அந்தப் பலகையிடம் நாம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ நிறையின் அளவுக்கு அதை இழுக்கின்றன. அந்த இழுவைக்கு அது வளைந்து மடங்கக் கூடாது. அதே வேளையில் ஒரு விரல் மெல்லத் தட்டினாலும் அசையுமளவுக்கு இலேசாக இருக்க வேண்டும். பலமும் வேண்டும், பாரமும் கூடாது. பலகையின் தடிப்போ ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான்.

இந்த முரணைத் தீர்க்கும் மரமாக மேனாட்டார் கண்டது ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். குளிர்நாடுகளில் மெதுவாக வளர்வது. ஆண்டுக்கு ஒரு மெல்லிய வளையமாக நெருங்கி நெருங்கி வளர்ந்த மரத்தின் நார்கள் நீண்டு நேராக ஓடும். ஒரு கன மீற்றர் ஸ்புரூஸ் 400 முதல் 450 கிலோ வரை நிறை கொண்டது. எங்கள் பலாவோ 600 கிலோ அளவில் வரும். பாரம் குறைந்திருந்தும் நார்ப் போக்கில் ஸ்புரூஸ் வளைய மறுக்கும். வயலினின் மேற்பலகையும் பியானோவின் ஒலிப்பலகையும் அதுவாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். 1960களில் ஸ்பெயினின் ரமிறெஸ் பட்டறையார் மேலை நாட்டுச் செவ்வண்ணச் சீடர் மரத்தையும் மேற்பலகைக்குக் கொண்டுவந்தார்கள். அது இன்னும் இலேசானது. ஓசை சற்றுக் கனிந்து, விரைவாகத் திறக்கும் என்பார்கள்.

மரத்தின் இனம் மட்டும் போதாது, அறுத்த விதமும் வேண்டும் என்றார் பாஸ். விறகைப் பிளப்பதுபோல் நடுவிலிருந்து வெளிநோக்கி, ஆரைப் போக்கில் அறுத்த பலகையாக இருக்க வேண்டும். அப்போது வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அத்தகைய பலகை வளையாது, முறுகாது. அதை இரண்டாக அறுத்துப் புத்தகம் விரித்தாற்போல் விரித்து நடுவில் ஒட்டுவார்கள். எங்கள் பெட்டக மூடியின் வெட்டுமுனையில் ரேகைகள் படுத்துக் கிடந்தன. பெட்டகம் செய்த தச்சருக்கு அகலமான பலகைதான் தேவைப்பட்டது. அவர் பாட்டுக்காக அறுக்கவில்லை, பாரம் தாங்குவதற்காக அறுத்தார். பலாவின் நார்களும் ஒன்றையொன்று பின்னி ஓடுபவை. அதை 3 மில்லிமீற்றருக்குச் சீவினால் மழைக்காலத்தில் உப்பி, வெயில்காலத்தில் வெடிக்கக்கூடும். வெடிக்காமலிருக்கத் தடிப்பாக விட்டால் அசையாது. "ஊமையாகிவிடும், சேர்" என்றார்.

மருமகன் விடவில்லை. "வீணை பலாவிலைதானே செய்யினம், மாமா?" என்றான். நல்ல கேள்வி. தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆவது. ஒரே மரத்தில் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணையைப் பெரிதாக மதிப்பார்கள். 2013இல் அந்த வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மிருதங்கத்தின் கட்டையும் பலாவே. ஆனால் வீணை கேட்பது வேறு. ஒரே மீட்டில் நீண்டு நின்று, கமகத்தில் வளைந்து, மெல்லத் தேயும் நாதம் அதற்கு வேண்டும். கிற்றாரோ ஆறு தந்தியையும் ஒரே வீச்சில் தட்டி, உடனே ஓசை வெளியே பாய வேண்டும் என்று கேட்கிறது. வன்மரத்தால் மேற்பலகை செய்த கிற்றார்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் தொழிலகம் 1920களிலேயே மகோகனியால் அப்படிச் செய்தது. அவற்றின் குரல் அடங்கியது. அந்தக் குரலை விரும்புவோரும் உண்டு. ஆயினும் அந்த மரத்தை அதற்கென்றே தெரிந்து, அதற்கென்றே அறுத்துச் செய்தார்கள்.

பட்டறையிலிருந்து வீடு திரும்பிய அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கோ படித்தது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. எழுந்து சிலப்பதிகாரத்தை எடுத்தேன். கானல்வரியின் தொடக்கத்தில் வசந்தமாலை கையிலிருந்து மாதவி வாங்கும் யாழை இளங்கோவடிகள் எப்படி அறிமுகம் செய்கிறார் என்று பாருங்கள். அழகிய யாழ் என்று சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. பத்தர், கோடு, ஆணி, நரம்பு ஆகிய உறுப்புகளில் குற்றம் நீங்கிய யாழ் என்கிறார். உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். அந்நூலின் பழைய உரையில் யாழுக்கு ஆகும் மரங்களின் பட்டியல் வருகிறது. பத்தர் என்னும் குடத்துக்குக் குமிழ், முருக்கு, தணக்கு. கோட்டுக்குக் கொன்றை, கருங்காலி. நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பரீட்சைக்காக மனனம் செய்து, எழுதிவிட்டு மறந்த பட்டியல் இது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போது நோக்கினால் நியாயம் தெளிவாகத் தெரிகிறது. குமிழும் முருக்கும் தணக்கும் இலேசான மரங்கள். கொன்றையும் கருங்காலியும் வன்மரங்கள். ஓசை தங்கி முழங்க வேண்டிய குடத்துக்கு இலேசு. நரம்பின் இழுவையைத் தாங்க வேண்டிய கோட்டுக்கு வன்மை. யாழின் பத்தருக்கு மேலே மரப்பலகை கிடையாது, தோற்போர்வைதான் என்பது உண்மை. ஆகவே யாழும் கிற்றாரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாட வேண்டிய உறுப்பு எது, தாங்க வேண்டிய உறுப்பு எது என்று பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மரத்தைத் தேடிய அறிவு இரண்டிலும் ஒன்றுதான். உலகின் சிறந்த கிற்றார்களின் விரற்பலகைக்கு இன்றும் விரும்பப்படுவது கருங்காலி. இலங்கைக் கருங்காலி அதில் பேர் பெற்றிருந்தது.

அதே உரையில் மரக் குற்றங்களும் சொல்லப்படுகின்றன. நீரிலே நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி விழுந்த மரம், நோய்ப்பட்ட மரம் ஆகியவை ஆகா. செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்ற நால்வகை இசைக் குற்றங்களும் அவற்றோடு சேர்த்தே பேசப்படுகின்றன. இன்பமற்ற ஓசை, மிகை ஓசை, மழுங்கிய ஓசை, சிதறும் ஓசை என்று இவற்றை நாம் எளிமையாக விளங்கிக்கொள்ளலாம். பாஸ் 'ஊமை' என்று சொன்னாரே, அதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் கூடம்.

சீவக சிந்தாமணியில் இது ஒரு காட்சியாகவே வருகிறது. காந்தருவதத்தையை இசையில் வெல்ல வந்த சீவகன் முன்னே கருவிகள் ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன. நீரில் நின்று இளகிய மரம் என்று ஒன்றை விலக்குகிறான். ஆயுதத்தால் புண்பட்டது என்று இன்னொன்றை விலக்குகிறான். இடியுண்டது என்று மற்றொன்றையும் ஒதுக்குகிறான்.  அவற்றின் பெருமையைப் பார்த்து அவன் தயங்கவில்லை. போட்டியில் பணயம் அவன் மானம். ஆகவே காது சொன்னதையே கேட்டான். திருத்தக்கதேவர் என்ற துறவிக்கு இந்தத் தச்சு நுட்பம் எவ்வாறு கைவந்தது என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து, கணிதத்தோடு பொருத்தி ஆராய்ந்து நமக்கு அளித்தவர் நம் காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள். 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் திகதி, அடிகள் மறைந்தார். அழிந்துபோன ஒரு வாத்தியத்தைத் திரும்பப் பெறுவதற்கு அவர் நடத்திய முயற்சியில் கண்ணீருக்கு இடமில்லை. அளவும் கணக்குமே நிறைந்திருந்தன. இதை நான் பின்னரும் குறிப்பிடுவேன்.

மறு வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். பாஸுக்கு யாழ் மரங்களின் பட்டியலைச் சொன்னேன். கொன்றையைச் சிங்களத்தில் எஹெல என்பார்கள். முருக்கு எரபது. குமிழ் எத்தெமட. ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையசைத்தார். "எஹெல பெரே செய்யவும் எடுப்பார்கள்" என்றார். கண்டிய மேளத்துக்கும் கொன்றை மரம் ஆகும் என்பது எனக்குப் புதிய செய்தி. பழைய தமிழ் உரையாசிரியரும் நுகேகொடைத் தச்சரும் ஒரே காட்டில் நின்று பேசிக்கொண்டதுபோல் இருந்தது.

அம்மா மட்டும் மனம் மாறவில்லை. அப்போது பாஸ் ஒரு காரியம் செய்தார். எங்கள் பலகையின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய கீலத்தை ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தார். அதே நீள அகலத் தடிப்பில் ஸ்புரூஸ் கீலம் ஒன்றும் இருந்தது. இரண்டையும் அம்மாவின் இரு கைகளிலும் கொடுத்தார். அம்மா நிறை பார்த்தார். பிறகு ஸ்புரூஸ் கீலத்தின் முனையிலிருந்து ஏறத்தாழக் கால்வாசித் தூரத்தில் இரு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, நடுவில் விரற்கணுவால் தட்டினார். மணி அடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்து, சற்று நின்று அடங்கியது. பலாக் கீலத்தையும் அதேபோல் தட்டினார். கதவைத் தட்டியது போன்ற ஓசை. அவ்வளவுதான். இரண்டாம் முறை அம்மாவே தட்டினார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

"பாவம், அது கதவாகத்தானே பிறந்தது" என்றார் அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை.

"அப்ப இதை என்ன செய்யிறது? திரும்பக் கட்டிலுக்குக் கீழையோ?"

"பின்பலகைக்குப் போடலாம்" என்றார் பாஸ். பக்கங்களுக்கு வேண்டாம், சூட்டில் வளைக்கும்போது பழைய பலா வெடித்துவிடும், அதற்கு மகோகனி இருக்கிறது என்றும் சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தார். "முதுகுப் பக்கமோ, தம்பி? ஆர் அதைக் காணப் போயினம்?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் படித்திருந்தவை அம்மாவுக்கு ஆறுதல் தருவனவாக இல்லை. இன்றைய கிற்றாரின் வடிவத்துக்கு வழிகாட்டியவர் என்று போற்றப்படும் ஸ்பெயின் தேசத்து அந்தோனியோ டி ரொறெஸ் 1862இல் ஒரு விசித்திரமான கிற்றாரைச் செய்தார். மேற்பலகை நல்ல ஸ்புரூஸ். பின்பக்கமும் பக்கங்களும் வெறும் கடதாசி மட்டை. குரலைத் தருவது மேற்பலகையே என்பதை நிறுவுவதற்காக அப்படிச் செய்தார். அந்தக் கிற்றார் இன்றும் பார்சலோனா இசை நூதனசாலையில் இருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்பக்க மரத்தில் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை, மரம் இன்னதென்று கண்ணுக்குத் தெரியாதபடி செய்து, 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். விலை கூடிய மரமென்றும் குறைந்த மரமென்றும் ஓசையில் பெரிய வேற்றுமையை அவர்கள் காணவில்லை. ஆகப் பின்பலகை எதுவாக இருந்தாலும் குரல் பெரிதும் மாறாது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நான் தயங்கியபடி பாஸிடம் சொன்னேன். அவர் சிரித்தார். தாம் அதைப் படிக்கவில்லை என்றும், ஆனால் அனுபவத்தில் தெரியும் என்றும் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"அம்மா, முன்பலகையைக் காதுதான் தெரிய வேண்டும். அங்கே எங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. பின்பலகையில் காது பெரிதாக ஒன்றும் கேட்காது. அங்கே மனம் சொல்வதைக் கேட்கலாம். கிற்றாரை வாசிக்கும்போது வாசிக்கிறவரின் நெஞ்சோடு ஒட்டி இருப்பது பின்பலகைதானே?"

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கிய ஒரு கிற்றாரை எடுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் காட்டச் சொன்னார். அவன் பிடித்தான். அம்மா கையை நீட்டி, அந்த வாத்தியத்துக்கும் அவன் சட்டைக்கும் இடையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"சரி, மகன். அப்பிடியே செய்யுங்கோ" என்று அந்த அறுபது வயதுக்காரரிடம் சொன்னார்.

நேயர்களே, இந்த இடத்தில்தான் நான் என் தொழிலுக்கு வருகிறேன். என்னிடம் மாணவர்கள் கவிதை எழுதிக்கொண்டு வருவார்கள். எங்கள் பிள்ளைகள் இழந்தவற்றைப் பற்றி எழுதுகிறார்கள். தாங்கள் நேரில் காணாத இழப்பையும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வீடு, முற்றம், கிணறு, கண்ணீர், குருதி என்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உணர்ச்சி உண்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கவிதை ஒலிப்பதில்லை. அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளை தன் பாட்டியின் பெட்டகப் பலகையைச் சுமந்துகொண்டு வந்து நிற்கும்போது, இது ஊமை மரம் என்று யார் சொல்வார்கள்? "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிய நாட்கள் பல. அது அன்பு என்று எண்ணியிருந்தேன். அந்த பாஸ் எங்கள்மேல் வைத்த மரியாதையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது வெறும் சோம்பல் என்று இப்போது தெரிகிறது.

அவர் எங்கள் பலகையை இகழவில்லை. அதன் கதையை முழுவதும் கேட்டார். நல்ல மரம் என்றார். ஆனால் முன்னுக்கு வேண்டாம் என்றார். கவிதையில் முன்னுக்கு நிற்பது சொல். அது இலேசாக இருக்க வேண்டும். நேராக ஓட வேண்டும். தட்டினால் ஒலிக்க வேண்டும். அதைக் காதால் மட்டுமே தெரிய முடியும். நம் துயரம் எவ்வளவு பெரிது என்பது அந்தத் தெரிவில் எந்த உரிமையும் கோர முடியாது. துயரத்துக்கு இடம் பின்னாலே, எழுதுகிறவனின் நெஞ்சோடு ஒட்டி. கேட்பவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கு மட்டும் அது அங்கே இருப்பது ஒவ்வொரு கணமும் தெரியும். அடிகளாரை நினைத்துப் பாருங்கள். இழந்த யாழின்மேல் அவருக்கு இருந்த ஏக்கம் சிறியதா? அந்த ஏக்கத்தைப் பின்னே வைத்துக்கொண்டு, முன்னே கணக்கை வைத்தார். அதனால்தான் யாழ்நூல் இன்றும் பேசுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல மேற்பலகைக்கான அகன்ற ஸ்புரூஸ் மரங்கள் வளர நூற்றாண்டுகள் செல்கின்றன. அவை குறைந்து வருகின்றன. பின்பலகைக்குப் பேர் பெற்ற நூக்கு மரத்தின் வகைகள் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு அளித்தார்கள். எங்கள் நாட்டிலோ பலா மரத்தைத் தறிக்க அனுமதி பெற வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வீ. டயஸ் நாடெங்கும் பலா நடுவதற்கு இயக்கம் நடத்தினார். சிங்கள மக்கள் அவரை அன்போடு 'கொஸ் மாமா' என்றார்கள். புதிய மரத்தைத் தறிக்காமல் பழைய பலகைக்கு இடம் தேடுவது அந்த வகையிலும் நன்றே.

கிற்றார் சென்ற ஆவணியில் முடிந்தது. மேற்பலகை வெளிறிய பால் நிறம். பின்பக்கம் திருப்பினால் அம்மம்மாவின் பலகை, தேன் நிறத்தில். ஆணி துளைத்த அடையாளம் ஒன்றை பாஸ் மறைக்காமல் விட்டிருந்தார். வேண்டுமென்றால் அடைத்துத் தரலாம் என்றார். மருமகன் வேண்டாம் என்றான். மேற்பலகை இன்னும் புதிது, வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும் என்றும் சொல்லியனுப்பினார்.

இரவில் அவன் தன் அறையில் வாசிக்கும்போது அம்மா கூடத்தில் இருந்து கேட்பார். ஒரு நாள் நான் கேட்டேன், "எப்பிடி அம்மா இருக்கு?"

"பிழையில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "பிள்ளை இன்னும் பழக வேணும்" என்றார்.

உண்மைதான். மரம் தெரிந்தாகிவிட்டது. மீதி அவன் விரலில் இருக்கிறது.